பெரியம்மா வீடு ஓட்டலானபோது தண்ணீர் போன வழி

முதலில் உடைத்தது கூடத்துச் சுவரின் பூச்சை. தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. உளி வைத்து இரண்டு தட்டு தட்டியதும் சிமெண்டுப் பூச்சு முழம் முழமாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லை விரலால் தேய்த்தேன். உள்ளங்கை நிறையச் சிவப்புத் தூள். அதில் ஒரு சிட்டிகையை மேஸ்திரி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "உப்பு தம்பி. சிமெண்டு மூடினதால வெளிய வர வழி இல்லாம கல்லையே தின்னுருக்கு."

நான் சிவில் எஞ்சினியர். பதினைந்து வருஷமாகக் கான்கிரீட்டோடு குடித்தனம். சுண்ணாம்பு வேலை என்றால் கல்லூரிப் பாடத்தில் இரண்டு பக்கம், அவ்வளவுதான். அதனால் இது தெரிந்தவன் எழுதும் பாடம் அல்ல. ஒரு வருஷத்தில் செய்ததையும் சொதப்பியதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன், அதிலிருந்து எடுத்துப் போடுகிறேன்.

வீடு புதுச்சேரியில், தமிழர் பகுதியில், வைசியாள் வீதிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பெரியம்மாவின் மாமனார் வீடு. அவர் சொல்தாவாக பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேரப்பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது பாரிஸ் பக்கம். இங்கே இருப்பது பெரியம்மா, அக்கா, மாமா மூன்று பேர்தான். பதினாறு ஜன்னலையும் தினமும் திறந்து மூட ஆள் இல்லை. விற்கவும் மனசில்லை. சாப்பாட்டுக் கடை போடலாம் என்று அக்காதான் ஆரம்பித்தாள். பிரான்சிலிருந்த அண்ணன் வாட்ஸ்அப்பில் சரி என்றார்.

இந்த ஊரில் ரொம்பப் பழைய வீடு என்று யார் சொன்னாலும் ஒரு கணக்கு உண்டு. 1761ல் ஆங்கிலேயர்கள் கோட்டையோடு சேர்த்து ஊரையே தரைமட்டமாக்கிவிட்டார்கள். 1765க்கு அப்புறம் பழைய தெருக்கோடுகளின் மேலேயே மறுபடி எழுப்பியதுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் பாண்டிச்சேரி. எங்கள் வீடு அதற்கும் ரொம்பப் பிந்தியது. கீழ்த்தளம் சுத்தமான தமிழ் வீடு. தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், மரத்தூண், திண்ணை, நடை, முற்றம், அதைச் சுற்றிக் கூடம், பின்னால் அடுப்படி, கொல்லை. மாடிக்கு ஏறினால் பிரெஞ்சுக்காரன் வீடு. வளைவு ஜன்னல், சுவரோடு ஒட்டிய அரைத்தூண், பலகை அடுக்கின கதவு, மேலே கைப்பிடிச் சுவரில் குட்டிக் குட்டித் தூண். தெருவிலிருந்து பார்த்தால் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட ஆள் மாதிரி இருக்கும். இந்த ஊரில் அப்படித்தான் பல வீடுகள்.

வைசியாள் வீதியில் 2000களின் தொடக்கத்தில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டமும் சேர்ந்து முகப்புகளைச் சீர்செய்தார்கள். அந்தத் தெருவில் நாலு நாள் காலையில் நடந்து, தூண், தாழ்வாரம், ஓடு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன். முகப்புக்கு அது போதும். பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போதாது.

2024 ஜனவரியில் ஆரம்பித்தோம். மேஸ்திரிக்கு வயது எழுபதுக்கு மேல். அவர் போட்ட முதல் நிபந்தனை, "தை, மாசியில மாடி வேலையை முடிக்கணும். சுண்ணாம்பு இறுகுறதுக்கு முன்ன ஐப்பசி மழை வந்தா நான் பொறுப்பில்ல." அதனால் கூடத்துச் சுவரை உரித்துக் காயவிட்டுவிட்டு மேலே ஏறினோம்.

மேல் தளம் மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட் கிடையாது, கம்பி கிடையாது. சுவருக்குச் சுவர் தேக்கு விட்டம், அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். அந்தச் சட்டங்களின் மேல், ஆறுக்கு மூன்று அங்குலத்தில் ஓர் அங்குலம் தடிமன் உள்ள மெல்லிய செங்கல்லைக் கட்டைக்குத்தாக, அதாவது விளிம்பில் நிற்கவைத்து, மூலைவிட்டமாகச் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே பலகை அடிக்கத் தேவையில்லை. முன்னால் ஒட்டின வரிசையே அடுத்த வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நாலு அங்குலம் போட்டுக் கட்டையால் தட்டி இறுக்குவது. கடைசியில் மேலே தட்டையான ஓடு, அதுதான் தட்டோடு.

எங்கள் மாடியில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. ஒழுகுகிறது என்று வேறு வேறு வருஷங்களில் யார் யாரோ போட்ட சிமெண்டுத் தளம். அளந்தால் மொத்தம் நாலு அங்குலம். முன்னறை 12 அடிக்கு 24 அடி. சதுர மீட்டருக்கு 240 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டேன், ஆறு டன்னுக்கு மேல் வந்தது. ஒழுகலை நிறுத்தப் போட்ட மருந்து, லோடு ஏற்றின லாரி மாதிரி விட்டத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது. ஒழுகலும் நிற்கவில்லை. சிமெண்டு வெயிலில் விரிந்து சுருங்கி வெடிக்கும், வெடிப்பு வழியாக இறங்கின தண்ணீர் அடியில் இருக்கும் சுண்ணாம்பில் தங்கும், மேலே மூடி இருப்பதால் காயாது. கடைசியில் விட்டத்தின் தலைமாட்டில், அது சுவருக்குள் நுழைகிற இடத்தில் போய்ச் சேரும். 2014 நவம்பரில் மழைநாளில் கடற்கரையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அதற்கு என்னென்ன காரணமோ, அது வேறு விஷயம். ஆனால் அன்றையிலிருந்து மழை பெய்தால் பெரியம்மா முன்னறையில் படுப்பதில்லை.

சிமெண்டைப் பெயர்க்க ஜாக் சுத்தியல் கொண்டுவருகிறேன் என்றேன். மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த அதிர்வில் கட்டைக்குத்து மொத்தமும் கூடத்தில் வந்து இறங்கும் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. உளியும் சின்னச் சுத்தியலுமாகப் பதினோரு நாள் ஆயிற்று. எடுத்த குப்பையை ஓரிடத்தில் குவிக்காமல் உடனுக்குடன் இறக்கினோம்.

கீழிருந்து சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். நடுவில் எல்லாம் கல் மாதிரி. சுவருக்குள் போகும் கடைசி ஒன்பது அங்குலத்தில் மட்டும் மூன்று சட்டங்களில் திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது. கரையான். முழுதாக உருவினால் மேலே இருக்கும் கட்டைக்குத்து கலையும். அதனால் பழைய மரக்கடையில், இடித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குச் சட்டமாகப் பார்த்து வாங்கி, கெட்டுப்போன சட்டத்தின் பக்கத்திலேயே ஜோடி போட்டு போல்ட் முடுக்கினோம். புதுச் சட்டத்தின் தலையைச் சுவரில் வைத்துச் சாந்து போட்டு அடைக்காமல், சுற்றிலும் விரல் நுழைகிற இடம் விட்டுவிட்டார் மேஸ்திரி. "அதுக்கும் மூச்சு வேணும்ல."

இதற்கிடையில் கொல்லையில் சுண்ணாம்புக் குழி. சுட்ட கல்லை வாங்கிக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உலை மாதிரி கொதிக்கும். கிட்டே நிற்கக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும், கண்ணாடி போடாமல் யாரையும் நான் விடவில்லை. நீற்றிய சுண்ணாம்பைச் சலித்து மூன்று வாரம் தண்ணீருக்கடியில் கிடக்கவிட்டோம். பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் உடைத்த கடுக்காயும் வெல்லமும் ஊறின. நாலாம் நாளே கள்ளுக்கடை வாசம். பக்கத்து வீட்டு அம்மா, "என்னா தம்பி, ஓட்டல்னு சொன்னீங்க?" என்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டார். கடுக்காயில் துவர்ப்பு, வெல்லத்தில் சர்க்கரை. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும், கலவை கையில் வெண்ணெய் மாதிரி நிற்கும்.

தளம் தட்டுகிற வேலைதான் இந்த ஒரு வருஷத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. எட்டுப் பெண்கள் எதிரும் புதிருமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் ஆளுக்கொரு மரக்கட்டையோடு, ஜல்லிச் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே நகர்வார்கள். நடுநடுவே கடுக்காய்த் தண்ணீர் தெளிப்பார்கள். முதல் நாள் சத்தம் சொத் சொத்தென்று சேற்றில் கால் வைத்த மாதிரி. மூன்றாம் நாள் தப் தப். எப்போது நிறுத்துவது, எத்தனை நாள் என்று கேட்டு என் நோட்டை எடுத்தேன். மேஸ்திரி பதில் சொல்லவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் கூப்பிட்டு ஒரு கட்டையை என் கையில் கொடுத்தார். தட்டினேன். டங்கென்று சத்தம் வந்து கட்டை துள்ளிக் கையை உதறியது. தடம் விழவில்லை. "இப்ப எழுதிக்குங்க" என்றார்.

அதன் மேல் தட்டோடு இரண்டு வரிசை, சந்துக்குச் சந்து மாற்றி. வாட்டம் பின்பக்கமாக. இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தோம்.

மாடி முடிந்த பிறகுதான் ஓட்டல் என்கிற விஷயத்துக்கே வந்தோம். வீடு வேறு, ஓட்டல் வேறு. வீட்டில் ஆறு பேருக்கு ஒரு அடுப்பு. இங்கே ஐந்து பெரிய பர்னர், தோசைக்கல், நாள் முழுக்க ஆவி, எண்ணெய்ப் புகை. அக்காவுக்குப் பழைய அடுப்படியிலேயே சமையல் வைக்க ஆசை. பாட்டி சமைத்த இடம். நான் ஒரேயடியாக மறுத்தேன். அந்த அடுப்படிக்கு மேலேயும் மெட்ராஸ் டெரஸ்தான். எண்ணெய்ப் புகை சுண்ணாம்பில் படிந்தால் அதன் துளைகளெல்லாம் அடைபடும், அப்புறம் ஈரம் உள்ளேயே நிற்கும். போதாததற்குப் புகைக்குழாய்க்குப் பழைய சுவரில் இரண்டடி ஓட்டை போட வேண்டும், கேஸ் சிலிண்டர் மரக்கூரைக்கு அடியில் நிற்கும். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. கடைசியில் கொல்லையில் இரும்புத் தூண், ஓட்டுக்கூரையோடு தனிச் சமையலறை. பழைய சுவரைத் தொடாமல் நாலடி இடைவெளி. பாட்டி அடுப்படி இப்போது பரிமாறுகிறவர்கள் தட்டு வாங்கும் இடம். மேடை அப்படியே இருக்கிறது.

அடுத்த சண்டை முற்றம். மாமாவுக்கு அங்கே நாலு மேஜை போட வேண்டும், மேலே பாலிகார்பனேட் ஷீட் வேய வேண்டும். மழை வராது, காக்கா எச்சம் விழாது, வெளிச்சமும் வரும். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மேஜைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு எழுதிக் காட்டினார். நான் வாதாடவில்லை. மே மாதம் மூன்று மணி வெயிலில் கூடத்தின் மூலையில் நாலு ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். புகை தரையோடு நகர்ந்து முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து கயிறு பிடித்து ஏறுகிற மாதிரி நேரே மேலே போயிற்று. நடையிலிருந்து காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. பிறகு முற்றத்து வாய்க்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் புகை கூடத்திலேயே தலை உயரத்துக்குத் தேங்கி நின்றது. பெரியம்மா இருமினார். மாமா சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிவிட்டு, "அவுத்துடச் சொல்லு" என்றார். முற்றம் திறந்தபடியே இருக்கிறது. காக்கைக்காக ஒரு வலை மட்டும். மேஜைகள் சுற்றுத் தாழ்வாரத்தில்.

ஏசி மாடியில் பின்னறை ஒன்றில் மட்டும். அதுவும் வேண்டாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். குளிர்ந்த சுவரின் வெளிப்பக்கம் ஆடி மாதத்திலேயே வியர்த்து நிற்கிறது.

ஜூனில் கூடத்துச் சுவருக்குத் திரும்பினோம். ஐந்து மாதம் அம்மணமாகக் காய்ந்ததில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பிப் போகும். அதனால் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து எடுத்தோம். பிறகு பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் அரை அங்குலத்துக்கு அப்பி, அது காய்ந்து தானாக விழும் வரை விட்டோம். கூழ் காயும்போது சுவருக்குள் இருக்கும் உப்பையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மூன்று தடவை செய்தோம். மூன்றாவது தடவை விழுந்த கூழில் உப்பு நாக்குக்குத் தெரியவில்லை. (ஆமாம், நானும் நக்கிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.) தூளாகிவிட்ட கற்களைத் தோண்டி எடுத்து, பழைய கல்லாகவே பார்த்துச் செருகினோம்.

பூச்சு மூன்று கை. முதல் இரண்டில் சுண்ணாம்பு, மணல், செங்கல் தூள். கடைசிக் கை கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். ஒவ்வொரு கைக்கும் நடுவே பத்து நாளாவது பொறுக்க வேண்டும். சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அதிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. சுவரில் பூசினதும் அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மறுபடி கல்லாகிறது. அந்தக் கடனை அவசரப்படுத்த முடியாது. நான் ஒரு சுவரில் அவசரப்பட்டேன். நாலாம் நாளே இரண்டாவது கை போடச் சொன்னேன். அந்தச் சுவர் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வெடித்தது. உரித்து மறுபடி பூசினது என் கணக்கில். அது மட்டும் 38,000 ரூபாய்.

பெயிண்ட் கடைக்காரர் பத்து வருஷ வாரண்டியோடு ஒரு பிளாஸ்டிக் பெயிண்டை விற்கப் பார்த்தார். அதை அடித்தால் சிமெண்டு செய்த வேலையையே அதுவும் செய்யும். மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பு, நாலு பூச்சு. உரசினால் சட்டையில் ஒட்டுகிறது என்று அக்கா முகம் சுளித்தாள். ஐந்தாவது பூச்சில் சரியாயிற்று.

இனி ஜலதாரை. முற்றத்தின் ஈசான மூலையில் கல்லில் குடைந்த ஓட்டை, அதிலிருந்து நடைக்கு அடியில் செங்கல் கால்வாய், தெருச் சாக்கடை வரை. நீளம் 31 அடி. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினபோது சேறோடு சேர்ந்து சோழிகள் வந்தன, பதினேழு. பெரியம்மா அவற்றைக் கழுவி டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டார். வாட்டம் நன்றாக இருந்தது. கொல்லைப்பக்கம் சந்து கிடையாது, சமையலறைக் கழிவுநீர் எப்படியும் முன்பக்கம்தான் வந்தாக வேண்டும். தனிக் குழாய் போட நடையைத் தோண்ட வேண்டும், நடையில் பழைய கடப்பைக் கல். அதனால் சமையலறையில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி ஒன்று கட்டி, அதிலிருந்து வரும் தண்ணீரை இந்தக் கால்வாயிலேயே கொண்டுவந்து சேர்த்தேன். மேஸ்திரி, "மழைத் தண்ணி வழியில எச்சித் தண்ணியை விடாதீங்க" என்றார். ஏதோ சாஸ்திரம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. நானும் மாமாவும் டார்ச்சோடு மாடி முன்னறையில் நின்று விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டு இல்லை. விடிகாலை இரண்டு மணி வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததுதான் தப்பு. கீழிருந்து பெரியம்மா கத்தினார்.

தெருவில் தண்ணீர் ஏறி, சாக்கடை நிரம்பி, கால்வாய் வழியாகத் தலைகீழாக உள்ளே வந்துகொண்டிருந்தது. முற்றம் ஒன்றரை அடிப் பள்ளம். அதில் முக்கால்வாசி நிரம்பி, கூடத்துத் தரைக்கு ஐந்து அங்குலம் கீழே நின்றுவிட்டது. "தானே புயல்லயும் இந்தப் படிதான்" என்றார் பெரியம்மா, நிதானமாக. வீட்டைக் கட்டினவனுக்குத் தெருத் தண்ணீர் திரும்பி வரும் என்று தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் அந்தப் பள்ளம். ஆனால் நான் கட்டின சமையலறைத் தரை கொல்லை மட்டத்தில், கூடத்தைவிட ஓர் அடி தாழ்வு. தள்ளுவண்டி சுலபமாக ஏறி இறங்கட்டும் என்று அப்படி விட்டிருந்தேன். தண்ணீர் என் குழாயைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்த் தொட்டியைக் கலக்கி எடுத்து, சமையலறைத் தரை ஜாலி வழியாகப் பொங்கியது. புதிதாக வந்து பிரிக்காமல் இருந்த இரண்டு ஃபிரீசர்களும் நாலு கிரைண்டரும் பழைய எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் நின்றன. திறப்பதற்கு முன்னாடி இரண்டு நாள் ஒத்திகைச் சமையல் செய்திருந்தோம். அந்த எண்ணெய்.

டிசம்பர் பூராவும் அதற்கே போயிற்று. நடையில் கடப்பைக் கல்லை எண் போட்டுப் பெயர்த்து, சமையலறைக்குத் தனிக் குழாய் பதித்து, கல்லை அதே வரிசையில் திரும்ப வைத்தோம். இரண்டு கல் உடைந்தது. கொல்லையில் ஒரு தொட்டி, அதிலிருந்து பம்பு, தெருவுக்கு முன்னால் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. சமையலறைத் தரையைப் பதினான்கு அங்குலம் உயர்த்தியாயிற்று, தள்ளுவண்டிக்கு இப்போது சாய்தளம். முற்றத்துக் கால்வாயில் மழைத் தண்ணீர் மட்டும்தான். மேஸ்திரி ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. கூலி வாங்கும்போது ஜலதாரை வாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அது உள்ளே போகும் சத்தத்தைக் குனிந்து கேட்டுவிட்டுப் போனார்.

பொங்கல் முடிந்து கடை திறந்தோம். மழை வரும் நாட்களில் முற்றத்தை ஒட்டின மேஜைகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். சாரல் அடிக்கிறது என்று எழுந்து போனவர்களும் உண்டு. மாமா அவர்களுடைய பில்லைத் தனியாக எழுதி வைத்திருக்கிறார், எனக்குக் காட்டுவதற்காக.

இன்னும் பாக்கி: திண்ணையின் சிவப்புத் தரையில் இரண்டு விரிசல். மாடி முகப்பில் வலது ஓரத்து அரைத்தூண் கொஞ்சம் வெளியே சாய்ந்திருக்கிறது. தூக்குக்குண்டு வைத்து மாதம் ஒரு தடவை அளந்து எழுதுகிறேன், இதுவரை நகரவில்லை. கொல்லையில் அரை டிரம் கடுக்காய்த் தண்ணீர் மிச்சம் இருக்கிறது. கொட்ட வேண்டாம், ஆடியில் திண்ணைக்கு வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.